ஐஸ் வைக்காதீர்கள்

முதல் தடவை களஞ்சியம் கொண்டுவந்தது
ஐஸ் பெட்டியில்.
களிமண்குண்டிலிருந்து இரண்டு பஸ் மாறி,
மடியில் வைத்து, வழியில் ஒருமுறையும் திறக்காமல்.
பெட்டிக்குள் சீலா மீன் வாடை.
பொடி ஐஸுக்கு நடுவில் ஒரு சின்னக் குழாய்.
அதில் நம்புத்தாயின் முழங்கால் நீர்,
இரண்டு மில்லி.

இந்தக் கரையில் எதையும் அப்படித்தானே காப்பாற்றுகிறோம்,
இறாலை, நண்டை,
வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேரும்வரை
தகப்பனின் பிரேதத்தை.
ஐஸ் கம்பெனியில் பதினோரு வருஷம் பாளம் உடைத்தவன்
வேறென்ன செய்வான்.

எனக்குத் தெரியும்.
திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.
சட்டை தோள்வரை நனைந்திருந்தது அவனுக்கு.
பின்னால் சர்க்கரைக்கும் உப்புக்கும்
வரிசை நின்றது.
வாங்கி வைத்துக்கொண்டேன்.

நல்ல மூட்டின் நீர்
முட்டை வெள்ளைக் கருபோல
இழுத்தால் நூலாக வரும்.
இது கஞ்சித்தண்ணி நிறம்.
நூல் வரவில்லை, சொட்டிச் சொட்டி அறுந்தது.
கண்ணாடியில் சீழணுக்கள், மொய்க்க மொய்க்க.
சண்டை நடந்த இடம் அப்பட்டமாகத் தெரிகிறது.
எதிரியைத்தான் காணோம்.

தட்டில் தீற்றி
முப்பத்தேழு டிகிரியில் வைத்தேன்.
ஒரு நாள். இரண்டு நாள்.
"வளர்ச்சி இல்லை" என்று எழுதினேன்.
என் கையெழுத்து அழகாக இருக்கும்,
எல்லாரும் சொல்வார்கள்.

அன்று ராத்திரி
மிஞ்சிய ஆணத்தை ஃப்ரிட்ஜில் வைக்கப் போய்
கதவைத் திறந்தபடி நின்றேன்.
குளிர் என் காலில் இறங்கியது.
சில கிருமிகள் குளிர் தாங்காது.
உடம்புக்குள் இருக்கும்வரை கொல்லும்,
ஐஸில் வைத்தால் சத்தமில்லாமல் சாகும்.
நான் எழுதியது அவற்றின் சாவை.
டாக்டர் படித்தது அவளுடைய நலத்தை.

விடியுமுன் டாக்டர் இன்பரதிக்கு போன் போட்டேன்.
"நேற்றைய ரிப்போர்ட்டை நம்பாதீங்க மேடம்.
மறுபடியும் எடுக்கணும். ஐஸ் வேண்டாம்."
எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, "அம்மாவுக்குக் காய்ச்சல் நூத்திமூணு" என்றார்.

இரண்டாவது குழாய்
அவன் சட்டைப் பையில் வந்தது, இளஞ்சூடாக.
பஸ்ஸில் உட்காரவில்லையாம்,
நசுங்கிவிடுமோ என்று.
அப்போதுதான் கேட்டேன், எப்படி ஆனதென்று.
கட்டக்கோரை பிடுங்க முழங்காலில் நின்றாள்,
பார் கீறியது.
உப்புத்தண்ணி ஆற்றிவிடும் என்று மறுநாளும் இறங்கினாள்.
வீங்கியபோது மெடிக்கலில்
ஆறு கேப்சூல் வாங்கி
மூன்றைப் போட்டாள்.
மீதி மூன்று முந்தானை முடிச்சில்,
அடுத்த காய்ச்சலுக்கு.

மறுநாள் காலை தட்டு பூராவும் முளைத்திருந்தது.
சாயம் ஏற்றினேன். இளஞ்சிவப்பில்
வளைந்த குட்டிக் குச்சிகள்.
உப்பில்லாத குழாயில் வளர மறுத்தன,
உப்புப் போட்டதும் ஒரே ராத்திரியில் கலங்கடித்தன.
கடல், அவள் மூட்டுக்குள்.
யாருமே குடியிருக்கக் கூடாத இடத்தில்.

வில்லைகளைப் பதித்துப் பதினெட்டு மணி நேரம்.
ஒன்றின் விளிம்புவரை வந்து மேய்ந்திருந்தன.
அவள் மூன்று விழுங்கிய அதே மருந்து.
இன்னொன்றைச் சுற்றி
வெட்டவெளி, வட்டமாக.
ஸ்கேலை வைத்தேன்.
இருபத்தாறு மில்லிமீட்டர்.
ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து
எனக்குக் கண் கலங்கியது அன்றைக்குத்தான்.

ரிப்போர்ட் அடிக்கக் காத்திருக்கவில்லை,
போனிலேயே சொன்னேன். மருந்து மாறியது.
அதற்குப் பிறகு
என் பதிவேட்டில் கட்டம் கிடையாது.
காய்ச்சல் இறங்கியதாகக் கேள்வி.
முழங்கால் மடங்குமா, பாசிக்குப் போவாளா,
அதெல்லாம் வேறு யாரோ எழுதும் நோட்டில்.

வாசல் ஜன்னலில் சிவப்பு ஸ்கெட்ச்சால் எழுதி ஒட்டினேன்:
தண்டுவட நீர், மூட்டு நீர்,
நெஞ்சு நீர், வயிற்று நீர்
எதற்கும் ஐஸ் வைக்காதீர்கள்.
யாரோ அதன் கீழே
பேனாவில் ஒரு மீன் வரைந்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டி இன்னும்
என் மேசைக்கடியில் கிடக்கிறது.
மூன்று தடவை கழுவினேன்.
வாடை போகவில்லை.